வேறுபாடு வேறு, கோளாறு வேறு

நரம்புக் கடத்தல் பரிசோதனை அறிக்கை ஒன்றைக் கையில் ஏந்தியபடி, சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். உடன் அவருடைய தமக்கையாரும் வந்திருந்தார். இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து கணுக்கால் பிசகிய மகளுக்குப் பாதத்தின் மேற்புறம் மரத்திருந்தது. அதன்பொருட்டு வெளியே ஓரிடத்தில் அப்பரிசோதனை செய்யப்பட்டிருந்தது. நரம்புக்குப் பெரிய சேதம் எதுவுமில்லை என்பதே அறிக்கையின் சாரம். ஆனால் அதன் கடைசி வரியில், ‘இயல்புக்கு மாறான நரம்பு அமைப்பு காணப்படுகிறது’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடர் இருந்தது. அந்த ஒரு வரியைப் பிறரிடம் கேட்டும் கைப்பேசியில் தேடியும் இரண்டு இரவுகள் அவர் உறங்கவில்லை. “ஐயா, பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது பிள்ளைகளுக்கும் வருமா?” என்று கேட்டார். தமக்கையார் ஒன்றும் பேசாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கேள்விக்குரிய விடையைப் பின்னர் சொல்கிறோம். அவர் போன பிறகு எங்களுக்குள் எழுந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் செல்லும் வழியும் பிரியும் இடமும் மனிதருக்கு மனிதர் வேறுபடுவது மிகப் பரவலான செய்தி. அதை நாங்கள் அறிவோம். அறிந்திருந்தும் நோயாளிகளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்ல நேரும்போதோ அச்சமூட்டும் சொற்களால் சொல்கிறோம். இவ்விரு பழக்கங்களும் மாற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதலில் ஒரு சொல்விளக்கம். நம் பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்பது இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்கிறோம். காலில் நரம்பு சுருண்டுகொண்டது என்கிறோம். அங்கெல்லாம் நாம் குறிப்பது இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் சிரைகளை. இக்கட்டுரையில் பேசப்படும் நரம்பு அதுவன்று. தொடுகையையும் வலியையும் மூளைக்கு அறிவிப்பதும், மூளையின் ஆணையைத் தசைக்குக் கொண்டுசெல்வதும் ஆகிய வெண்ணிறக் கயிறு இது. இரண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்ததால், சிரை அறுவைக்குப் பின் கால் மரத்துப்போனால் “நரம்பைத்தானே எடுத்தார்கள், மரக்காமல் என்ன செய்யும்” என்று உறவினர்கள் தமக்குள் முடிவு கட்டிக்கொள்வதை நாங்கள் கண்டிருக்கிறோம். உண்மையில் எடுத்தது சிரையை. மரத்தது அதனை ஒட்டிச் சென்ற நரம்பால்.

பாடநூல் காட்டும் வரைபடம் இது. இடுப்பிலிருந்து இறங்கும் சயாடிக் என்னும் பெருநரம்பு, முழங்காலின் பின்மடிப்புக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒன்றாகிய டிபியல் நரம்பு கெண்டைச்சதையின் ஆழத்தில் இறங்கி, உட்புறக் கணுவின் பின்னால் வளைந்து உள்ளங்காலை அடைகிறது. மற்றொன்றாகிய பொதுப் பெரோனியல் நரம்பு, முழங்காலுக்கு வெளிப்புறம் ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றி வந்து, மேலோட்டக் கிளை, ஆழக் கிளை என இரண்டாகிறது. பாதத்தைத் தூக்குவதும் விரல்களை நிமிர்த்துவதும் இதன் வேலை. தொடையிலிருந்து தனியே வரும் சஃபீனஸ் நரம்பு காலின் உட்புறத் தோலுக்கு உணர்வு தருகிறது. கெண்டையின் பின்புறத் தோலடியில் ஓடும் சூரல் நரம்பு பாதத்தின் வெளி விளிம்புக்கு உணர்வு தருகிறது.

இந்த வரைபடம் பொய்யன்று. பெரும்பாலோர்க்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அது சராசரியின் படம். எவருடைய காலின் படமும் அன்று.

மேலிருந்தே தொடங்குவோம். சயாடிக் நரம்பு இடுப்புத் தசையை எவ்வாறு கடக்கிறது என்பதை அமெரிக்க உடற்கூற்றியலாளர்களாகிய பீட்டனும் ஆன்சனும் 1937-இல் ஆறு வகைகளாகப் பிரித்தனர். அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு கணக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களைக் கொண்டது. அதில் ஏறத்தாழ 17 விழுக்காட்டில் நரம்பு பாடநூல் வழியில் செல்லவில்லை. இடுப்பிலேயே இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி தசையைத் துளைத்து வருவது அவ்வேறுபாடுகளுள் மிகுதியானது. ஆறு பேரில் ஒருவர் என்னும் அளவை எவ்வாறு அரிது என்பது?

முழங்காலின் பின்புறம் அந்நரம்பு பிரியும் இடமும் நிலையானதன்று. கால் அறுவைக்காக அவ்விடத்தில் ஊசி செலுத்திக் காலை மரக்கச் செய்யும் மயக்க மருத்துவர்களுக்கு இது அன்றாடக் கவலை. அறுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வில், பிரிவு முழங்கால் மடிப்பிலேயே நிகழ்ந்த கால்களும் இருந்தன. மடிப்புக்கு 115 மில்லிமீட்டர் மேலே நிகழ்ந்த கால்களும் இருந்தன. மடிப்பிலிருந்து இத்தனை விரற்கடை என்று அளந்து ஊசி செலுத்திய காலத்தில், சிலருக்குப் பாதி கால் மட்டும் மரத்ததன் காரணம் இதுவே. இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைக் கண்ணால் கண்டு, அது பிரியும் இடத்தைத் தேடி மருந்து செலுத்துகிறோம். எல்லோர்க்கும் ஒரே அளவு என்னும் நம்பிக்கையைக் கைவிட்டதால் கிடைத்த முன்னேற்றம் அது.

கீழே செல்லச் செல்ல வேறுபாடு கூடுகிறது. சூரல் நரம்பு பலரிடம் இரு கிளைகள் கூடி உருவாகிறது. கணிசமானோரிடம் ஒரு கிளையே தனித்து இறங்கிவிடுகிறது. கூடுமிடம் கெண்டையில் எங்கும் இருக்கலாம். மேலோட்டப் பெரோனியல் நரம்பு காலின் வெளிப்புறத் தசையறையில் இறங்குவதாகப் பாடநூல் கூறும். 85 கால்களை ஆராய்ந்து 1991-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ நான்கில் மூன்று கால்களில்தான் அது அவ்வாறு இருந்தது. எஞ்சியவற்றில் அது முன்புறத் தசையறையில் இருந்தது, அல்லது இரண்டிலுமாகப் பிரிந்திருந்தது. குதிகாலுக்குச் செல்லும் சிறு கிளைகள் எத்தனை, எங்கிருந்து பிரிகின்றன என்பதற்கோ பொதுவிதி கூறுவதே கடினம். ஒரே மனிதரின் வலக்காலும் இடக்காலும் தம்முள் ஒத்திராமையும் உண்டு.

இடையே ஒரு செய்தி. மெலிந்த கால் உடையோர், பாதத்தைக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் வளைத்து, நான்காம் விரலையும் கீழ்நோக்கி மடக்கினால், கணுக்காலின் முன்புறத் தோலடியில் மெல்லிய நூல் ஒன்று புடைத்துத் தெரியக்கூடும். அதுவே மேலோட்டப் பெரோனியல் நரம்பின் கிளை. உடலில் தோலின் மேலிருந்தே கண்ணுக்குத் தெரியும் நரம்புகள் மிகச் சிலவே. தெரியாவிட்டால் வருந்த வேண்டியதில்லை, பலருக்குத் தெரிவதில்லை.

இனி அந்தத் தந்தையின் கேள்வி. பாதத்தின் மேற்புறத்தில், வெளிக் கணுவுக்குச் சற்று முன்னால், விரல்களை நிமிர்த்தும் சிறிய தசை ஒன்றுண்டு. அதனை இயக்குவது ஆழப் பெரோனியல் நரம்பு. ஆனால் பலரிடம், மேலோட்ட நரம்பிலிருந்து ஒரு துணைக் கிளை பிரிந்து வெளிக் கணுவின் பின்புறமாகச் சுற்றிவந்து அதே தசையின் ஒரு பகுதியை இயக்குகிறது. துணை ஆழப் பெரோனியல் நரம்பு என்பது அதன் பெயர். அமெரிக்காவின் எட்வர்ட் லாம்பர்ட் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் 22 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. பிற ஆய்வுகளின் எண்கள் கூடியும் குறைந்தும் உள்ளன. ஐந்து பேரில் ஒருவர் என்று கொள்வது பெரும்பிழை ஆகாது. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் இது விந்தையாக வெளிப்படும். கணுக்காலின் முன்புறம் மின்தூண்டல் கொடுத்தால் தசையின் எதிர்வினை சிறிதாகவும், முழங்காலருகே கொடுத்தால் பெரிதாகவும் இருக்கும். வழக்கமாக அவ்வாறு இருக்கலாகாது. வெளிக் கணுவின் பின்னால் தூண்டிப் பார்த்தால் விடுபட்ட பகுதி வந்து சேரும், புதிர் விடுபடும். அந்தப் பெண்ணின் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது இவ்வளவே.

பிள்ளைகளுக்கு வருமா என்றால், வரக்கூடும். இவ்வேறுபாடு குடும்பவழி தொடர்வதைக் குடும்பத்தாரைப் பரிசோதித்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனை மறைத்துப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. ஆதலால் “வரலாம், வந்தால் ஒன்றும் ஆகாது” என்றே கூறினோம். அவர் முகம் தெளியவில்லை. பின்னர், தம் காலையும் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். அவருடைய இரு கால்களிலும் அதே துணைக் கிளை இருந்தது. ஐம்பத்தாறு ஆண்டுகளாக அந்தக் கால்களால் வரப்பில் நடந்தும் மிதிவண்டி மிதித்தும் வந்தவர் அவர். தமக்கையார் அப்போதுதான் வாய் திறந்தார்: “அப்படியானால் எனக்கும் இருக்கும், எழுபது வயதாகப் போகிறது.”

அந்த அறிக்கையை எழுதியவர் பிழையாக எழுதவில்லை. அவர் கையாண்ட சொல்லே பிழை. மருத்துவ ஆங்கிலத்தில் வேறுபாட்டைக் குறிக்க ஒரு சொல்லும் பிறழ்ச்சியைக் குறிக்க ஒரு சொல்லும் உண்டு. எழுதும் அவசரத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன. தமிழில் சொல்லும்போது அக்கலப்பு மேலும் கூர்மையாகிறது. ‘கோளாறு’, ‘குறைபாடு’, ‘பிறவிக் குற்றம்’ என்று மொழிபெயர்த்துவிட்டால், ஐந்தில் ஒருவரிடம் உள்ள இயல்பு ஒரு குடும்பத்தின் மறைபொருள் ஆகிவிடுகிறது. ‘வேறுபாடு’ என்னும் சொல் இருக்கிறது. ‘நோயன்று’ என்னும் சொல்லும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுத ஒரு நிமிடம் போதும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றுண்டு. நோயாளி உணர்வதை, வரைபடத்தில் இல்லை என்பதற்காக மறுப்பது அது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட ஓர் அம்மையார், தழும்பின் வெளிப்புறம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்திருப்பதாக ஒவ்வொரு முறையும் சொல்லி வந்தார். அறுவை நன்றாக முடிந்தது. எக்ஸ்ரே படம் குறையின்றி இருக்கிறது. அதெல்லாம் மனப்பிரமை என்று இளமருத்துவர் ஒருவர் சொல்லிவிட்டார். பிரமை அன்று. சஃபீனஸ் நரம்பின் ஒரு கிளை முழங்கால் சில்லுக்குக் கீழே, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் குறுக்கே செல்கிறது. மூட்டு மாற்றுக்காக முன்புறத்தில் நெடுக்காகக் கீறும்போது அக்கிளையோ அதன் சிறு நூல்களோ அறுபடுவதைப் பெரும்பாலும் தவிர்க்க இயலாது. அது ஒற்றையாக இருக்கிறதா, பலவாகப் பிரிந்திருக்கிறதா, எவ்வளவு உயரத்தில் கடக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவேதான் ஒருவர்க்கு நாணய அளவு மரக்கிறது. மற்றொருவர்க்கு உள்ளங்கை அளவு மரக்கிறது. காலப்போக்கில் அப்பரப்பு பெரும்பாலோர்க்குச் சுருங்கும். சிலர்க்கு ஒரு பகுதி நிலைத்துவிடும். நடைக்கு அதனால் இடையூறில்லை. மண்டியிடும்போது மட்டும் சிலர்க்கு அயலாகத் தோன்றும். இதை அறுவைக்கு முந்திய நாள் சொல்லியிருந்தால் அந்த அம்மையார் ஏற்றுக்கொண்டிருப்பார். பிந்திச் சொன்னபோது, நாங்கள் ஏதோ ஒன்றை மூடிமறைப்பதாகவே அவருக்குப் பட்டது. அவரைக் குறைகூற எங்களுக்கு உரிமையில்லை.

இதய பைபாஸ் அறுவைக்காகக் காலிலிருந்து சிரை எடுக்கப்பட்டோர்க்கும் இது பொருந்தும். முழங்காலுக்குக் கீழே உட்புறத்தில் பெரிய சஃபீனஸ் சிரையும் சஃபீனஸ் நரம்பும் ஒட்டியே செல்கின்றன. சில இடங்களில் நரம்பின் இழைகள் சிரையின் மேல் படிந்தே கிடக்கும். மார்பின் காயத்தைவிடக் கால் மரத்ததையே மிகுதியாகப் பேசும் நோயாளிகள் உளர். அவர்கள் மிகைப்படுத்துவதில்லை.

இங்கே எங்களுக்கு எதிராகவே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நரம்பின் வேறுபாடு பரவலானது என்பதை அறுவை மருத்துவர் தமக்குக் கேடயமாகக் கொள்ளலாகாது. “உங்கள் நரம்பு இடம் மாறி இருந்தது, நாங்கள் என்ன செய்வோம்” என்னும் விடை சில வேளைகளில் உண்மை. சில வேளைகளில் சோம்பல். காலின் வெளிப்புற எலும்பு முறிவுக்குத் தகடு பொருத்தும்போது மேலோட்டப் பெரோனியல் நரம்பு கீறும் கோட்டையே கடக்கக்கூடும் என்பது தெரிந்த செய்தி. நான்கில் ஒரு காலில் அது வேறு அறையில் இருக்கும் என்பதும் தெரிந்த செய்தி. தெரிந்த பின், தோலைக் கீறியதும் நரம்பைத் தேடிப் பார்த்து விலக்கிக் காப்பது கடமை. வேறுபாடு அரிதாக இருந்திருந்தால் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லலாம். இவ்வளவு பரவலான ஒன்றை எதிர்பாராதிருப்பது பிழையே. தேடியும் காணவியலாத நூலிழைக் கிளைகளும் உண்டு. முழங்காலில் கண்டதுபோல் கண்டும் காக்கவியலாத கிளைகளும் உண்டு. தவிர்த்திருக்கக்கூடியது எது, தவிர்க்க இயலாதது எது என்று நோயாளி கேட்டால், அறுவைக் குறிப்பேட்டை முன்வைத்து விளக்கும் பொறுப்பு எங்களுடையது.

எங்கள் மருத்துவர்களுள்ளேயே ஒரு மறுப்பு உண்டு. அறுவைக்கு அஞ்சிக்கொண்டிருப்பவரிடம் நரம்பு, மரப்பு என்றெல்லாம் அடுக்கினால் அவர் அறுவையே வேண்டாம் என்று போய்விடுவார் என்பது அம்மறுப்பு. அது வெற்று அச்சமன்று; அவ்வாறு போனவர்களும் உளர். முறிந்த எலும்பைக் கட்டுப்போட்டே சரிசெய்துகொள்வதாகச் சென்று, கோணிய காலுடன் திரும்பியவர்களை நாங்கள் அறிவோம். ஆயினும், சொல்வதில் அளவு காட்டலாமே தவிரச் சொல்லாமல் விடுவதற்கு அது நியாயமாகாது. முழங்கால் மாற்றுக்கு வருபவரிடம் நாற்பது சிக்கல்களைப் படித்துக்காட்டி ஒப்பம் பெறுவதைவிட, அநேகமாக நேரக்கூடிய இந்த ஒன்றைத் தமிழில், தொட்டுக் காட்டி, “இவ்விடம் மரக்கலாம்” என்று சொல்வது பயனுடையது. பெருங்கேடுகளை மட்டும் பட்டியலிட்டு, உறுதியாக நேரும் சிறு இழப்பைச் சொல்லாமல் விடும் ஒப்புதல் படிவம் யாரைக் காக்க எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

எல்லோர்க்கும் முன்னதாகவே படம் எடுத்து நரம்பின் வழியை அறிந்துவிடலாமே என்று படித்த உறவினர்கள் கேட்பதுண்டு. எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. எம்.ஆர்.ஐ. பெரிய நரம்புகளைக் காட்டும். தோலடியில் ஓடும் நூலிழைகளைக் காட்டுமென்று நம்ப முடியாது. அல்ட்ராசவுண்ட், தேர்ந்தவர் கையில், தேவையான ஓரிடத்தைக் காட்டும். ஆகவே வேறுபாட்டை அறிவதற்கென்றே பணம் செலவிட்டுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. எவரேனும் அதற்கென்று ஒரு பரிசோதனைத் தொகுப்பை விற்க முன்வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வேறுபாடுகளைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, இறந்தபின் தம் உடலை மருத்துவக் கல்லூரிகளுக்கு விட்டுச் சென்றோர் நமக்குத் தந்தது. ஆறாயிரம் உடல்கள் என்று மேலே ஒரு வரியில் எழுதிவிட்டோம். அது ஆறாயிரம் மனிதர் என்பதை எழுதும்போதே உணர்ந்தோம்.

எங்கள் மருத்துவமனையைப் பொறுத்தவரை மூன்று மாற்றங்களை நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். நரம்புப் பரிசோதனையில் வேறுபாடு தென்பட்டால், அறிக்கையின் அடியில் தமிழில் இரண்டு வரி எழுதப்பட வேண்டும்: என்ன காணப்பட்டது என்றும், அது நோயா அன்றா என்றும். முழங்கால், கணுக்கால், சிரை அறுவைகளுக்கான ஒப்புதல் படிவத்தில் மரத்தல் பற்றிய வரி தனியே அச்சிடப்பட வேண்டும். அறுவையின்போது நரம்பு வேறு வழியில் செல்வதைக் கண்டால், வீடு திரும்பும்போது தரும் சுருக்கத்தில் அது குறிக்கப்பட வேண்டும். மூன்றாவதற்கு இன்னும் உடன்பாடு கிட்டவில்லை. படிவத்தில் இடமில்லை என்கிறார்கள்.

நோயாளிகளிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் அறிக்கையில் அத்தகைய குறிப்பு இருந்தால் மறைக்காமல் பத்திரப்படுத்துங்கள். பின்னொரு நாள் அதே காலில் அடிபட்டு வேறொரு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் காட்டுங்கள். துணைக் கிளை உள்ளவர்க்கு ஆழ நரம்பு முற்றிலும் அறுபட்டாலும் அந்தச் சிறு தசை ஓரளவு இயங்கும். பரிசோதிப்பவர் நரம்பு பாதியேனும் பிழைத்திருப்பதாக எண்ணிவிடக்கூடும். அந்தப் பழைய தாள் அப்போது உதவும்.

வேறுபாடு எதுவாயினும் எல்லோர்க்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றுண்டு. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம், ஃபிபுலாவின் கழுத்தருகே, நரம்பு எலும்புக்கும் தோலுக்கும் இடையே காப்பின்றிக் கிடக்கிறது. மாவுக்கட்டு அங்கே இறுகினாலும், படுத்த நிலையில் அவ்விடம் கட்டில் விளிம்பில் நெடுநேரம் அழுந்தினாலும், பாதம் தூக்க இயலாமல் தொய்ந்துவிடும். காலில் கட்டுடன் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்கள், சில மணிநேரத்துக்கு ஒருமுறை பெருவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றாலோ, விரல்களை அசைத்தாலே வலி பொறுக்க முடியவில்லை என்றாலோ, காலை வரையில் காத்திராமல் அப்போதே செவிலியரை அழையுங்கள். இரவு இரண்டு மணியானாலும் தயங்க வேண்டாம்.